21 ஓடியாச்சு, 42 எப்போ? – மோ ஃபரா கற்ற பாடம்



இல்ல விளையாட்டுப் போட்டிக்காக ஊரைச் சுற்றி ஓடும் நாலைந்து கிலோமீற்றருக்கும் நாங்கள் "மரதன்" என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். அதனாலோ என்னவோ, உண்மையான மரதனின் தூரம் பலருக்கு மனதில் பதிவதில்லை. அண்மையில் அரை மரதன் ஓடி முடித்த எங்கள் ஊர்த் தம்பிமார் சிலர் வந்து, "சேர், பாதி முடிஞ்சுது. அடுத்த மாசம் முழுசையும் ஓடப்போறோம்" என்றார்கள்.

சந்தோசம்தான். ஆனால் பயமும் வந்தது. இதே கணக்கைப் போட்டு ஓடிய எங்கள் நண்பர் ஒருவர் 33ஆவது கிலோமீற்றரில் வீதியோரம் விழுந்ததை நாங்கள் கண்ணால் கண்டவர்கள். சேலைன் ஏற்றித்தான் அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ஆகவே அந்தத் தம்பிமாருக்குச் சொன்ன வரலாற்றை இங்கும் எழுதுகிறோம்.

முதலில் தூரத்தின் கதை. 1896இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மரதன் ஏறத்தாழ 40 கிலோமீற்றர்தான். 1908இல் லண்டன் ஒலிம்பிக்கில், வின்ட்சர் கோட்டையில் தொடங்கி மைதானத்தில் அரச குடும்பத்தினரின் இருக்கைக்கு முன்னால் முடியும்படி பாதை அமைத்தார்கள். அந்தத் தூரம்தான் 42.195 கிலோமீற்றர். 1921இல் அதுவே நிலையான அளவானது. அதில் சரிபாதி அரை மரதன். ஒலிம்பிக்கில் அதற்கு இடமில்லை. அதற்கென்று உலக சம்பியன்ஷிப் தொடங்கியதே 1992இல்தான். முழு மரதனுக்குப் போகிறவர்கள் பலர் அதை ஒத்திகையாகவே ஓடுகிறார்கள்.

அப்படி ஓடியவர்தான் மோ ஃபரா. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீற்றர் இரண்டிலும் தங்கம் வென்றவர். 2013 ஏப்ரலில் லண்டன் மரதனில் இறங்கினார். ஆனால் முன்கூட்டியே அறிவித்தபடி, பாதித் தூரத்தோடு விலகிக்கொண்டார். பலர் குறை சொன்னார்கள். அவருக்கோ அடுத்த வருடத்துக்கான பாடம் தேவைப்பட்டது. ஓடிக்கொண்டே பானப் போத்தலை எடுப்பதிலேயே அன்று தடுமாறினார். 25 சுற்று ஓட்டத்தில் போத்தலுக்கு வேலை இல்லை. மரதனில் அதுதான் உயிர்.

2014 மார்ச் 16இல் நியூயோர்க்கில் அரை மரதன் ஓடினார். இடையில் கீழே விழுந்து, எழுந்து ஓடி, இரண்டாம் இடம் பெற்று, முடிவுக் கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். சரியாக நான்கு கிழமை கழித்து, ஏப்ரல் 13இல் லண்டனில் முதலாவது முழு மரதன். உலகமே அவர் வெல்வார் என்று பார்த்திருந்தது. பின்பாதியில் வேகம் குறைந்து, 2 மணி 8 நிமிடம் 21 செக்கனில் எட்டாம் இடம். 1985இல் ஸ்டீவ் ஜோன்ஸ் வைத்த பிரித்தானியச் சாதனையைக்கூட அவரால் எட்ட முடியவில்லை.

அவர் வெட்கப்படவில்லை, அவசரப்படவுமில்லை. திரும்பவும் தடகளத்துக்குப் போய் 2016 ரியோவில் இன்னும் இரண்டு தங்கம் எடுத்தார். அதற்கிடையில் ஒவ்வொரு வருடமும் இங்கிலாந்தின் கிரேட் நோர்த் ரன் அரை மரதனை ஓடி வந்தார். 2018 ஏப்ரலில் லண்டனில் மூன்றாம் இடம், 2:06:21. இம்முறை ஜோன்ஸின் சாதனையும் முறிந்தது. அதே வருடம் செப்டெம்பர் 9இல் கிரேட் நோர்த் ரன்னை ஐந்தாவது தடவையாகத் தொடர்ந்து வென்றார். அதற்குச் சரியாக நான்கு கிழமை கழித்து, ஒக்டோபர் 7இல் சிக்காகோ மரதனை 2:05:11இல் வென்று ஐரோப்பிய சாதனை படைத்தார்.

கவனியுங்கள். 2014இலும் நான்கு கிழமைக்கு முன் ஓர் அரை மரதன். 2018இலும் அதே நான்கு கிழமை. முடிவு மட்டும் வேறு. வித்தியாசம் அந்த அரை மரதனில் இல்லை. இடையில் சேர்ந்த நான்கு வருட ஓட்டத்தில் இருந்தது.

காரணம் எளிது. தசையிலும் ஈரலிலும் உடம்பு சேமித்து வைக்கும் மாச்சத்து, அரை மரதனுக்குப் பெரும்பாலும் போதும். 30 கிலோமீற்றரைத் தாண்டும்போது அது தீர்ந்துபோகத் தொடங்கும். எங்கள் நண்பர் விழுந்ததும் அந்த இடத்தில்தான். பின்பாதி, முன்பாதியின் தொடர்ச்சி அல்ல. அது வேறோர் ஓட்டம்.

ஆகவே தம்பிமாரே, அரை மரதனை ஒரு பரீட்சையாக எடுங்கள். தண்ணீர் எங்கே குடித்தீர்கள், சப்பாத்து எங்கே கடித்தது, எத்தனையாவது கிலோமீற்றரில் மூச்சு வாங்கியது என்று எழுதி வையுங்கள். பிறகு மாதக் கணக்கில் நீண்ட ஓட்டங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்றவருக்கே பொறுமை தேவைப்பட்டது. அடுத்த மாதம் வேண்டாம், அடுத்த வருடம் ஓடுங்கள். அன்று முடிவுக் கோட்டில் தண்ணீர்ப் போத்தலோடு நாங்கள் நிற்போம், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் வீட்டில் ஓடுகிற பிள்ளைகள் இருந்தால் இதை அவர்களிடம் காட்டுங்கள்.