கிறிஸ்தவமும் நாட்டுப்பற்றும்: புதுச்சேரி

புதுச்சேரிப் பகுதியில் கிறிஸ்தவ நம்பிக்கைக்கும் ஆட்சி விசுவாசத்துக்கும் இடையே இருந்த உறவு, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1962 வரை பல முறை உருமாறியது. திருக்கனூர், வில்லியனூர், பாகூர் ஆகிய கிராமப்புறங்களில் இது கூடுதலாகக் கவனிக்கத்தக்கது. இவ்வூர்களில் பிரெஞ்சு ஆட்சி. எல்லை தாண்டினால் பிரிட்டிஷாரின் தென்னார்க்காடு மாவட்டம். இரு பக்கத்துக் கத்தோலிக்கரும் ஒரே புதுச்சேரி மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஒரே ஆயர், இரண்டு கொடிகள்.

ஞானஸ்நானத்தை விசுவாசத்தின் சான்றாக முதலில் ஆக்கியது ஆட்சிதான். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிகத் தரகருமாக, இருந்த நைனியப்பப் பிள்ளை இந்து. அந்தப் பதவியில் கிறிஸ்தவர் ஒருவரே இருக்க வேண்டும் என்று இயேசு சபையினர் வற்புறுத்தி வந்தனர். 1716இல் நைனியப்பர் ராஜதுரோகக் குற்றம் சுமத்தப்பட்டுக் கைதானார்; கசையடி பட்டு, சொத்தை இழந்து, 1717இல் சிறையிலேயே இறந்தார். அவர் இடத்தில் கிறிஸ்தவரான பெத்ரோ கனகராய முதலியார் அமர்ந்தார். நைனியப்பர் மீதான தீர்ப்பு பின்னர் பிரான்சில் ரத்தானது. அவர் மகன் குருவப்பப் பிள்ளை பாரிசுக்குப் போய், அங்கே ஞானஸ்நானம் பெற்று, செவாலியே பட்டத்தோடு திரும்பித் தந்தையின் பதவியை அடைந்தார். தந்தைக்கு இழைத்த அநீதியைத் துடைக்க மகன் மதம் மாற வேண்டியிருந்தது என்பது இந்த வரலாற்றின் மிகக் கசப்பான பக்கம்.

குருவப்பருக்குப் பின் மீண்டும் துபாஷியான கனகராய முதலியார் 1746இல் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். 1745இல் உழவர்கரையில் ஒரு கிறிஸ்தவக் கோயிலைக் கட்டி, பிராமணர் முதலாக எல்லாச் சாதியாரையும் அழைத்து, அவரவர் ஆசாரப்படி விருந்து வைத்தார். பின்னாளில் தாமும் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை இதைத் தம் நாட்குறிப்பில் விரிவாக எழுதியிருக்கிறார். மூன்றே ஆண்டுகளில், 1748 செப்டம்பரில், ஆங்கிலேயரின் முற்றுகை நடந்துகொண்டிருந்தபோது, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே ஆட்சியில் வேதபுரீசுவரர் சிவன் கோயில் இடிக்கப்பட்டது. அதையும் அதே நாட்குறிப்பு பதிவு செய்திருக்கிறது. விருந்து வைத்தவரும் கிறிஸ்தவர், இடித்தவர்களும் கிறிஸ்தவர்கள். வேறுபாடு அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதில் இருக்கிறது. புதுச்சேரிக் கிறிஸ்தவத்தை ஒற்றை நிறத்தில் எழுதுவோர் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை வேறொரு வழியைத் திறந்தது. தம் மரபுவழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்பவர்கள் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். அவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாபோர்த்' ஆனார். துறந்தோரில் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் மிகுதி. பிரான்சின் மீதான பற்று இவர்களுக்கு வெறும் அடிமைப் புத்தி அல்ல. சாதி மறுத்த மரியாதையைச் சட்டம் தரும் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. பிரெஞ்சுப் படையிலும் இந்தோசீன நிர்வாகத்திலும் வேலை கிடைத்தது. படையில் இருந்தவரைப் புதுச்சேரியில் இன்றும் 'சொல்தா' என்கிறார்கள்.

இதே காலத்தில், 1877இல், வில்லியனூருக்கு லூர்து மாதா சுரூபம் பிரான்சிலிருந்து வந்து சேர்ந்தது. அந்தத் திருத்தலம் விரைவிலேயே சுற்றுவட்டாரத்து இந்துக்களும் வந்து வேண்டிக்கொள்ளும் இடமாயிற்று.

எல்லைக்கு அப்பால் கிறிஸ்தவர்கள் வேறு பாதையில் நடந்தார்கள். தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா காந்தியோடு சேர்ந்து சிறை சென்றார்; இயேசுவின் போதனையைக் கொண்டே ஏகாதிபத்தியத்தை எதிர்த்தார். இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குச் சென்றார்.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியின் முடிவு கிராமங்களிலிருந்து வந்தது. பிரெஞ்சு, இந்திய உறவுகள் கலந்த குடும்பத்தில் பிறந்து, நெடுநாள் பிரெஞ்சுச் சார்பு அரசியலை நடத்திய எதுவார் குபேர், 1954 மார்ச் 31 அன்று நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியை ஏற்றினார். அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவுடனான இணைப்புக்கு வாக்களித்தனர். நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. அடுத்த ஆண்டு மறைமாவட்டத்தின் முதல் இந்தியப் பேராயராக அம்புரோஸ் ராயப்பன் நியமிக்கப்பட்டார். குபேர் 1963இல் புதுச்சேரியின் முதலமைச்சரானார்.

இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் இடையே 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்று புதுச்சேரியில் குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள், இங்கே பிறந்தவர்களாயின், இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும். இங்கே பிறந்து சைகோனிலோ பிரான்சிலோ இருந்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடித்தார்கள். ஒரே பங்குக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற அண்ணனும் தம்பியும் இப்படி இரண்டு நாட்டாரானார்கள். ஏறத்தாழ 5,000 பேர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தனர். ஓய்வூதியம், பிள்ளைகளின் படிப்பு, வெளிநாட்டில் இருந்த உறவு ஆகியவை அந்த முடிவில் பெரும் பங்கு வகித்தன. ஒப்பந்தத்தின் குடியுரிமைப் பிரிவுகள் மதத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. பிறந்த இடத்தையும் குடியிருந்த இடத்தையும் மட்டுமே கேட்டன.