சமுதாயக் கல்லூரிகளில் வயதுவந்தோர் கல்வி

சமுதாயக் கல்லூரி என்பது, தான் அமைந்துள்ள வட்டார மக்களுக்குக் குறைந்த கட்டணத்தில் தொழிற்பயிற்சியும் ஈராண்டுப் பட்டமும் அளிக்கும் நிறுவனம். அமெரிக்காவில் தோன்றிய இக்கல்லூரிகளில் பள்ளி முடித்த இளைஞர்களோடு வேலை இழந்தவர்கள், தொழில் மாற விரும்புபவர்கள், பிள்ளை வளர்ப்புக்காகப் படிப்பை நிறுத்திய பெண்கள் எனப் பலரும் படிக்கின்றனர். நடுவயதில் புதிய தொழிலைத் தேடுபவருக்கு ஒரு கல்லூரி எவ்வாறு துணைநிற்க முடியும் என்பதற்கு இவை நல்ல சான்றுகள்.

வரலாறு

அமெரிக்காவில் இன்றும் இயங்கும் பொது ஈராண்டுக் கல்லூரிகளுள் மிகப் பழமையானது, இல்லினாய் மாநிலத்தில் 1901-இல் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் கல்லூரி. 1944-இல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ‘ஜி.ஐ. பில்’ சட்டம், இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் கல்விச் செலவை அரசின் பொறுப்பாக்கியது. அதன் உதவியால் சுமார் 22 லட்சம் பேர் கல்லூரி, பல்கலைக்கழகங்களில் சேர்ந்தனர். மனைவி மக்களோடு வந்த இவர்களால் தரம் குறையும் என்று கல்வியாளர் சிலர் அஞ்சினர். வீரர்கள் பெற்ற நல்ல மதிப்பெண்கள் அந்த அச்சத்தைப் பொய்யாக்கின. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, 1947-இல் நாடெங்கும் சமுதாயக் கல்லூரிகளைப் பெருக்கும்படி பரிந்துரைத்தது.

தடைகள்

வயதுவந்த மாணவருக்குப் பணத்தைவிடவும் அரிதானது நேரம். பகல் முழுதும் வேலை. மாலையில் சமையல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம். பள்ளிக் கணக்கு மறந்துபோயிருக்கும். பாட நிலையைத் தீர்மானிக்கும் தேர்வில் தவறினால், பட்டத்துக்குக் கணக்கில் சேரும் கிரெடிட் புள்ளி கிடைக்காத அடிப்படைப் பாடங்களில் பல மாதங்கள் கழியும். பலர் படிப்பைக் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

ஆதரவு முறைகள்

கட்டணச் சலுகை: டென்னசி மாநிலம் 2018 முதல், பட்டம் பெறாத வயதுவந்தோருக்குப் பிற உதவித்தொகைகள் போக மீதிக் கல்விக் கட்டணத்தைச் செலுத்திவருகிறது. மிச்சிகன் மாநிலம் 2021-இல் இதைப் போன்ற திட்டத்தைக் கொண்டுவந்தது.

ஒரு வகுப்பில் இரு ஆசிரியர்: வாஷிங்டன் மாநிலத்தின் ‘ஐ-பெஸ்ட்’ திட்டம், அடிப்படைக் கல்வியை முதலில் முடித்துவிட்டு வரச் சொல்வதில்லை. தொழில் ஆசிரியரும் மொழி அல்லது கணக்கு ஆசிரியரும் சேர்ந்தே வகுப்பு நடத்துகின்றனர். செவிலியர் உதவியாளர் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். ஒருவர் இரத்த அழுத்தம் பார்க்கக் கற்றுத்தருவார். அந்த அளவை நோயாளியின் குறிப்பேட்டில் பிழையின்றி எழுதுவதற்கான ஆங்கிலத்தை மற்றவர் கற்றுத்தருவார். கற்ற சொல்லுக்கு அன்றே பயன் இருப்பதால் அது மனத்தில் நிற்கிறது.

அனுபவத்துக்கு மதிப்பு: படையிலோ பணியிடத்திலோ கற்றதைத் தேர்வு மூலமும் பணிக் கோப்புகள் மூலமும் சோதித்து, அதற்குக் கிரெடிட் புள்ளி தரும் முறை பல கல்லூரிகளில் உள்ளது. தெரிந்ததையே மறுபடி படிக்கும் செலவும் காலமும் இதனால் மிச்சமாகின்றன.

தொடர்ந்த வழிகாட்டல்: நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய ‘ஏ.எஸ்.ஏ.பி.’ திட்டம் எல்லா வயதினருக்கும் உரியது. கட்டணக் குறையை ஈடுகட்டுவதோடு, பாடநூல்கள், பேருந்து, சுரங்க ரயில் பயண அட்டை, அடிக்கடி சந்திக்கும் ஆலோசகர் என எல்லாம் அதில் சேர்ந்தே கிடைக்கின்றன. குறைந்த வருமான மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வில், மூன்றாண்டுக்குள் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் 40 விழுக்காடு, வெளியே 22 விழுக்காடு. முழுநேர மாணவராகச் சேர வேண்டும் என்பதால், முழுநாள் வேலையில் இருப்பவர்களுக்கு இது எளிதில் பொருந்துவதில்லை.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரி 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னையிலும் ஒன்று உருவானது. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்களையும் ஏழைப் பெண்களையும் சேர்த்து, ஓராண்டுக்குள் ஒரு கைத்தொழிலும் வேலையும் தருவதையே இவை நோக்கமாகக் கொண்டன. 2002-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், சமுதாயக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கி அவற்றின் சான்றிதழுக்கு மதிப்புச் சேர்த்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2013-இல் தன் சமுதாயக் கல்லூரித் திட்டத்தைத் தொடங்கியது.

மதிப்பீடு

கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால் சேர்க்கை கூடும். படிப்பை முடிப்பதற்கு அது மட்டும் போதாது. மாலை ஆறு மணிக்குமேல் திறந்திருக்கும் அலுவலகம், வளாகத்திலேயே குழந்தைகள் காப்பகம், ஒரு வாரம் வராவிட்டால் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கும் ஆலோசகர், பயிற்சி முடிந்ததும் வேலை தரக்கூடிய உள்ளூர் நிறுவனங்களோடு உறவு ஆகியவையும் வேண்டும். நாற்பது வயதில் மீண்டும் புத்தகத்தைத் திறப்பவர் ஏற்கெனவே பெரிய துணிவைக் காட்டிவிட்டார். அவருடைய நாளுக்கு ஏற்பத் தன் கால அட்டவணையை மாற்றிக்கொள்வது கல்லூரியின் கடமை.