டாலிகஞ்ச் புல்வெளியில் ஒரு காலை

மலர்க் குழு நண்பர் போனில் கூப்பிட்டு, "ஏதாவது எழுதுப்பா, ஆனா சுயபுராணம் மட்டும் வேணாம்" என்றார். சரி, வரலாறு எழுதுகிறேன். நடுவில் கொஞ்சம் சுயபுராணமும் கலந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலை நிமித்தம் இரண்டு வருடம் கொல்கத்தாவில் இருந்தேன். எங்கள் அலுவலகத்தின் மேலதிகாரி ஒரு வங்காளிப் பெரியவர், ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பின் உறுப்பினர். அது தனியார் கிளப். என்னைப் போன்ற வெளியாள் ஒருவன் தானாகப் போய் ஆட முடியாது. உறுப்பினர் கூட்டிப் போக வேண்டும். நான் ஆறு மாதமாகப் பயிற்சித் திடலில் பந்தை அடித்துக்கொண்டிருப்பது தெரிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியாக அழைத்துப் போனார்.

இந்தக் கிளப் தொடங்கிய ஆண்டு 1829. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகத்திலேயே பழமையான கோல்ஃப் கிளப் இதுதான். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிளப்புக்கு 'ராயல் அண்ட் ஏன்ஷியன்ட்' என்ற பெயர் கிடைத்ததே 1834-ல்தான். நம் நாட்டில் முதல் பயணிகள் ரயில் ஓடியது 1853-ல். அதற்கு 24 வருடம் முன்பே கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார்கள்!

அப்போதைய பந்து தோலுக்குள் அவித்த இறகைத் திணித்துத் தைத்தது. நனைந்தால் கனத்துப்போகும், தையல் விட்டுவிடும். வங்காளத்து மழையில் அதை வைத்துக்கொண்டு என்ன பாடுபட்டார்களோ! 1848 வாக்கில் மலாய்க் காட்டு மரத்துப் பாலான கட்டாபெர்ச்சாவில் பந்து செய்ய ஆரம்பித்தார்கள். கடலடித் தந்திக் கம்பிக்குக் காப்புறையாகப் போட்டதும் இதே பொருள்தான். மின் பொறியியல் மாணவர்கள் கவனிக்க!

முதலில் டம்டம்மில் ஆடினார்கள். பிறகு மைதான் பகுதிக்கு வந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரின் தெற்கே டாலிகஞ்சுக்குப் போனார்கள். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இந்தியா வந்ததை ஒட்டி 'ராயல்' பட்டமும் கிடைத்தது.

டாலிகஞ்ச் என்ற பெயரே நம் தொழில் சம்பந்தப்பட்டது. 1770-களில் அங்கே கால்வாய் வெட்டிய வில்லியம் டாலியின் பெயர் அது. இன்னொரு செய்தி நம் ஊர்ப் பக்கத்துச் செய்தி. 1806-ல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகு, அங்கே காவலில் இருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகளைக் கம்பெனியார் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அந்தக் குடும்பம் வந்து தங்கிய இடமும் இதே டாலிகஞ்ச்தான்.

மைதானம் கடற்கரை மணல்மேடு வகையைச் சேர்ந்ததல்ல. பெரிய மரங்கள் சூழ்ந்த பூங்கா வகை. தரை தட்டையாக இருக்கிறது. பார்த்தால் சுலபம் என்று தோன்றும். ஆனால் வழியெங்கும் குளங்கள். அங்கே 'டாங்க்' என்கிறார்கள். நின்ற இடத்திலிருந்து பார்த்தால் சில குளங்கள் கண்ணிலேயே படுவதில்லை.

என் பையைச் சுமந்து வந்த கேடிக்கு நாற்பது வயது இருக்கும். ஓரிடத்தில் நான் பெரிய மட்டையைக் கேட்டேன். "வேணாம் சாப், சின்னதை எடுங்க. மரத்துக்குப் பின்னாலே தண்ணி இருக்கு" என்று இந்தியில் சொன்னார். நான் கேட்கவில்லை. ஓங்கி அடித்தேன். தொப்பென்று ஒரு சத்தம். அவர் ஒன்றும் பேசாமல் இன்னொரு பந்தை எடுத்துக் கொடுத்தார். சத்தம் வைத்தே எந்தக் கரையோரம் விழுந்தது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது!

"நீங்க ஆடுவீங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். காய்ந்த குச்சி ஒன்றை எடுத்துக் காற்றில் ஒரு வீச்சு வீசிக் காட்டினார். ஆறு மாதம் காசு கொடுத்துக் கற்றும் எனக்கு வராத வீச்சு அது.

அப்போதுதான் பழைய செய்தி ஒன்று ஞாபகம் வந்தது. 2008 பிப்ரவரி. நம் விடுதி வாசிப்பறையில் பேப்பரின் கடைசிப் பக்கம். டெல்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியில் எஸ்.எஸ்.பி. சௌராசியா வெற்றி. அவருடைய அப்பா இதே ராயல் கல்கத்தாவில் புல்தரையைப் பராமரித்த ஊழியர். பையன் பத்து வயதில், சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல், தானாகவே ஆடக் கற்றான். குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அவர் கை தப்பாது என்பதால் 'சிப்புட்சியா' என்றே பட்டப்பெயர். இந்தியன் ஓபனில் நான்கு முறை இரண்டாம் இடம் வந்து, 2016-ல் வென்று, 2017-ல் மறுபடியும் வென்றார்.

2008-ல் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நாங்கள் எங்கே போனோம் தெரியுமா? கிரிக்கெட் ஆட. எல்லைக்கு வெளியே போன பந்தை எடுத்துப் போட்டது விடுதிக் காவலாளியின் மகன். அவன் எறியும் பந்து நேராகக் கீப்பர் கைக்கு வரும். ஒருநாள் விளையாட்டாக அவனைப் பந்துவீசச் சொன்னோம். எங்கள் கேப்டனுக்கு நடு ஸ்டம்ப் பறந்தது. எல்லோரும் கைதட்டினோம். அடுத்த நாள் அவனை மறுபடியும் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டோம். கல்லூரி அணியில் சேர்க்க விதி இடம் தராது, சரி. மாலையில் எங்களோடு ஆட வைக்க எந்த விதி தடுத்தது? எங்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அன்று 18 குழிகளுக்கு நான் அடித்த எண்ணிக்கையை இங்கே எழுதப் போவதில்லை. உறுப்பினரின் தயவில் ஒரு காலை மட்டும் அந்தக் கேட்டுக்குள் போய் வந்தவன் நான். குளம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவரோ என் பையைச் சுமந்தார்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வருடாவருடம் நடத்தும் முன்னாள் மாணவர் விளையாட்டுப் போட்டியில், கல்லூரி ஊழியர்களின் பிள்ளைகளுக்கும் ஓர் அணி வைப்போம். மட்டையும் காலணியும் என் செலவு. இப்போது படிக்கிற தம்பி தங்கைகளே, எல்லைக்கு வெளியே பந்து பொறுக்க நிற்பது யார் என்று இன்று சாயங்காலமே திரும்பிப் பாருங்கள். நாங்கள் பார்க்கத் தவறிவிட்டோம்.