மலையகத்தின் நினைவுச் சின்னங்கள்: கல், இயந்திரம், லயம்

நுவரெலியா நகரின் பழைய கட்டடங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று நடை தூரத்திலேயே இருக்கின்றன. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1828இல் கட்டிய ஓய்வு மாளிகையை உள்வாங்கி வளர்ந்தது கிராண்ட் ஹோட்டல். திரித்துவத் தேவாலயம் 1852ஐச் சேர்ந்தது. தோட்டத் துரைமாரின் ஹில் கிளப் 1876இல் தொடங்கப்பட்டது. செங்கல் சுவரும் மணிக்கூட்டுக் கோபுரமுமாக நிற்கும் தபால் நிலையத்தின் ஆண்டு 1894. சுற்றுலாக் கையேடுகள் இந்த வரிசையையே நகரின் வரலாறாகச் சொல்கின்றன. இவற்றுக்குச் செலவான பணம் முதலில் கோப்பியிலிருந்தும் பின்னர் தேயிலையிலிருந்தும் வந்தது. அந்தக் கோப்பியையும் தேயிலையையும் நட்டுப் பறித்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களின் இருநூறு ஆண்டு வாழ்வுக்கு இந்த வரிசையில் ஓர் இடமும் இல்லை. இது தற்செயலாக நேர்ந்த விடுபடல் அல்ல; எதை நினைவுச் சின்னம் என எண்ணுவது என்ற அளவுகோலே அப்படி அமைந்துவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அளவுகோலின் முதற்கூறு சட்டத்தில் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ எல்லையாகக் கொள்கிறது. கண்டி இராச்சியம் பிரித்தானியருக்குக் கையளிக்கப்பட்ட நாள் அது. அதற்கு முந்திய சின்னங்களைச் சட்டம் தானாகவே தொல்பொருளாகக் கருதும். பிந்தியவற்றுக்குத் தனி அறிவித்தல் வேண்டும். கம்பளைப் பகுதியில் பெருந்தோட்டக் கோப்பிப் பயிர்ச்செய்கை வேரூன்றியது 1820களில்தான். ஆக, மலையகத் தமிழரின் வரலாறு முழுவதும் அந்த எல்லைக்கு இப்பால் விழுகிறது. துரைமாரின் கட்டடங்களும் அதே காலத்தவைதான். ஆனால் அவற்றுக்குச் சட்டத்தின் துணை பெரிதாகத் தேவைப்படவில்லை. திருச்சபை, கிளப், அரசுத் திணைக்களம், ஹோட்டல் என்று அவற்றைப் பராமரிக்க உரிமையாளர்கள் எப்போதும் இருந்தார்கள். தபால் நிலையத்தை ஹோட்டல் தொழிலுக்குக் கொடுக்கும் யோசனை 2023இல் எழுந்தபோது அஞ்சல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தே எதிர்த்தனர்.

இரண்டாவது கூறு இயந்திரம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டே ஆண்டில், 1869இல், கோப்பி இலைகளில் நோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. டெய்லரின் மரக்குடிலில் எஞ்சிய புகைபோக்கியும் அவர் அமர்ந்து மலையைப் பார்த்ததாகச் சொல்லப்படும் கல்லிருக்கையும் இன்று சுற்றுலா இடங்கள். 1892இல் இறந்த அவர் கண்டி மகியாவையில் அடக்கம் செய்யப்பட்டார். கண்டிக்கு அருகே ஹந்தானையில் 2001இல் திறக்கப்பட்ட இலங்கைத் தேயிலை நூதனசாலை இந்தக் கதையின் தொடர்ச்சி. 1925இல் கட்டப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட தொழிற்சாலை ஒன்றே நூதனசாலையாகியிருக்கிறது. தொழிலாளர் பேச்சில் தொழிற்சாலைக்குப் பெயர் ‘ஸ்டோர்’. மேல் மாடிகளில் கொழுந்தை வாடவைத்து, கீழே இறக்கி, உருளையில் அரைத்து, உலர்த்தி, சலிப்பது அதன் வேலை ஒழுங்கு. ஹந்தானையில் பழைய எஞ்சின்களும் உருளைகளும் உலர்த்திகளும் துடைத்துப் பளபளப்பாக நிற்கின்றன. தொழில்நுட்ப வரலாற்றுக்கு அது நல்ல கூடம், அதில் ஐயமில்லை. ஆனால் அங்கே கதை தொடங்குவது கொழுந்து ஸ்டோருக்குள் வந்த பிறகு. அதற்கு முந்தியவை வேலை பிரிக்கும் அதிகாலைப் பிரட்டு, மலைச்சரிவு, கூடை, நிறுவை. ஒரு கிலோ தேயிலைக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். அவ்வளவையும் கையால் கிள்ளுவதை எந்த எஞ்சினும் காட்டாது.

கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் பழைய ஸ்டோர் 1996இல் உல்லாச ஹோட்டலாகியது. பொகவந்தலாவை, காசல்ரீ பக்கத்துப் பழைய பங்களாக்கள் சிலவும் விருந்தினர் இல்லங்களாகிவிட்டன. கட்டடத்தை இடித்துவிடுவதைவிட இது நல்லதுதான். ஆயினும் இப்படி வாழ்வு பெறுவது எப்போதும் ஸ்டோரும் பங்களாவும்தான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் தங்கிப் பார்க்கக் காசு கொடுக்கும் விருந்தினர் அபூர்வம்.

பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டம் இந்த வேறுபாட்டைக் கூர்மையாகக் காட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் புகைப்படக் கலைஞர்களுள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் 1879இல் இறந்து அங்கே அடக்கமானார். தன் கடைசி ஆண்டுகளில் இலங்கையில் அவர் எடுத்த படங்களில் தமிழ்த் தொழிலாளர்களும் உண்டு. எடுத்தவரின் பெயர் கல்லில் இருக்கிறது. படத்தில் நிற்பவர்களின் பெயர் பெரும்பாலும் எங்குமில்லை. தோட்டத்தில் இறந்த தொழிலாளர்கள் மலை ஓரத்தில் புதைக்கப்பட்டார்கள். கற்கல்லறை கட்டும் வசதி அவர்களுள் வெகு சிலருக்கே இருந்தது.

இதற்கு எதிர்த்திசையில் எழுந்தது கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்திலுள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை. கண்டியைத் தளமாகக் கொண்ட சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் அதைத் தொடங்கியது. பழைய லயம் ஒன்றே அதன் கட்டடம். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடுக்கிய அறைகள். ஓர் அறையின் வழக்கமான அளவு 10க்கு 12 அடி. முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. இரட்டை லயமானால் பின்சுவர் இரு வீட்டுக்கும் பொது. அந்தப் பக்கம் சன்னலுக்கு வழியில்லை. அடுப்பும் படுக்கையும் பிள்ளைப்பேறும் சாவும் அந்த 120 சதுர அடிக்குள்ளேயே. இந்த நூதனசாலையில் வைத்திருக்கும் பாத்திரங்கள், வேலைக் கருவிகள், இசைக்கருவிகள், படங்கள், ஆவணங்கள் ஆகியவற்றை வேறொரு கட்டடத்தில் வைத்திருந்தால் அவற்றின் பொருள் பாதியாகியிருக்கும். காட்சிப்பொருள்களுள் முதன்மையானது அந்த அறைதான்.

ஆவணங்களுக்கு மலையகத்தில் தனிக் கனம் உண்டு. தொழிலாளரை மேற்பார்த்த கங்காணியின் கீழுள்ள ஆட்கள் பட்ட கடனை எழுதிய ‘துண்டு’ 1921இல் ஒழிக்கப்படும்வரை ஆளைத் தோட்டத்தோடு கட்டிவைத்தது. 1948இன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் நிலைமை தலைகீழானது: இங்கே பிறந்து வளர்ந்ததற்குக் காகிதம் காட்ட முடியாதவர் நாடற்றவரானார். 1964 ஒக்டோபரின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கி, 1,50,000 பேரைப் பின்னர் பார்க்கலாம் என்று விட்டது. எஞ்சிய நாடற்றோர் சிக்கலைத் தீர்க்க 2003இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. இத்தகைய மக்களின் பழங்கடதாசி வெறும் காட்சிப்பொருள் ஆகாது. அது வழக்குச் சான்று.

ஓல்ட் பீகொக் நூதனசாலைக்கு ஒரு சங்கடமும் உண்டு; வேறொரு நாட்டுச் சின்னத்தோடு ஒப்பிட்டால் அது விளங்கும். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் சொல்வெரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986இல் மூடப்பட்டு, 2001இல் உலக மரபுரிமையானது. ரூர் நூதனசாலை இன்று அதன் கரி கழுவும் ஆலைக்குள்தான் இயங்குகிறது. அங்கே வேலை நின்றது, பிறகு நினைவு வந்தது. மலையகத்தில் வேலை நிற்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் இன்னும் லயத்தில்தான் இருக்கிறார்கள். லயத்தைக் காப்பது மரபுரிமையாளரின் அக்கறை. அதைவிட்டு வெளியேறுவது குடியிருப்பவரின் உரிமை. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகள் போன்ற திட்டங்களைக் குடும்பங்கள் எதிர்பார்த்திருப்பது அந்த உரிமைக்காகவே. இரண்டையும் மோதவிடத் தேவையில்லை. எல்லா லயங்களையும் காக்க வேண்டியதில்லை. ஆனால் குடும்பங்கள் புதுவீட்டுக்குப் போனதும் பழைய லயத்தை அளந்து, படமெடுத்து, குடியிருந்தோர் பெயரோடு பதியாமல் இடிப்பது சரியில்லை.

சுவரை மட்டும் எண்ணும் அளவுகோலுக்கு லயம்கூட முழு விடையாகாது. தொழிலாளர் வரலாற்றின் முக்கிய இடங்கள் பல வெறும் வெளிகள். காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் பிரட்டுக்களம் அத்தகையது. மாசியில் காமன் கூத்து நடக்கும் பொட்டலும் அத்தகையதே. ரதியும் மதனும் வேடமிட்டு ஊர்வலம் வரும் அந்த நிலத்தில் ஆண்டின் மற்ற நாட்களில் பார்க்க ஒன்றுமில்லை. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் விழுந்ததும், 1977 மே மாதம் டெவன் தோட்டத்துக் காணிப் போராட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டதும் அவ்வாறான நிலங்களில்தான். மொரீசியஸ் இதற்கு நல்ல முன்னுதாரணம். போர்ட் லூயியில் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய அப்பிரவாசி காட் 2006இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபோது, அங்கே எஞ்சியிருந்தவை சில கட்டடப் பகுதிகளும் கற்படிகளும்தான். கட்டட அழகைவிட அங்கே நடந்ததற்கே மதிப்பளிக்கப்பட்டது.

இலங்கைக்கு வந்தவர்களுக்கு அப்படி ஒற்றைத் துறைமுகம் கிடையாது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து, மாத்தளையில் மலையேறினார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மடிந்தோர் ஏராளம். பிற்காலத்தில் தமிழ்நாட்டுக் கரையிலுள்ள மண்டபம் முகாமே அவர்களின் வாயிலாயிற்று. அதே மண்டபம் பின்னர் இலங்கையிலிருந்து ஓடிவந்த அகதிகளுக்கும் முகாமானது. 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட 200ஆம் ஆண்டு நினைவு நடைபவனி ஆகஸ்டில் மாத்தளையை அடைந்தது. எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு நினைவுச் சின்னத்தின் வரைபடத்தை அது காலால் வரைந்து காட்டியது. 1815க்குப் பிந்திய இடங்களைத் தனி அறிவித்தலால் காக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்தப் பாதையின் தங்குமிடங்களும், முல்லோயாவும், ஓல்ட் பீகொக் லயமும் அத்தகைய அறிவித்தலுக்கு முதலில் முன்வைக்கத் தக்கவை.