முன் ஆசனம் யாருக்கு? விமான "மைல்ஸ்"களின் வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

கட்டுநாயக்கவில் விமானம் ஏறியவர்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். நாம் பெட்டி, பைகளோடு நீண்ட வரிசையில் நிற்போம். பக்கத்தில் ஒரு சின்ன வரிசை இருக்கும். அதில் வருகிறவர் ஓர் அட்டையைக் காட்டிவிட்டு முன்னே போய்விடுவார். சில வேளை நம்மைப் போல எகொனமி டிக்கெட் எடுத்தவரையே கூப்பிட்டு பிஸ்னஸ் கிளாஸில் இருத்துவார்கள். "பெரிய ஆளாக்கும்" என்று நாமும் பேசாமல் நிற்போம். இந்தப் "பெரிய ஆள்" பட்டத்தை யார் கொடுத்தது, எப்போது கொடுக்கத் தொடங்கினார்கள் என்று தேடிப் பார்த்தால், கதை அமெரிக்காவுக்குப் போகிறது.

1938 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து சுமார் 40 வருடங்கள், அமெரிக்காவில் எந்தக் கம்பனி எந்தப் பாதையில் பறக்கலாம், டிக்கெட் என்ன விலை என்பதையெல்லாம் பெரும்பாலும் அரசாங்கமே தீர்மானித்தது. எல்லோருடைய விலையும் ஒன்று என்றால் போட்டி போடுவது எப்படி? சாப்பாட்டிலும் உபசாரத்திலும்தான். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் தனது ஜம்போ விமானங்களுக்குள் பியானோ கூட வைத்தது. அதே கம்பனி 1939 இல் நியூயோர்க் லாகார்டியா விமான நிலையத்தில் "அட்மிரல்ஸ் கிளப்" என்ற ஓய்வறையைத் திறந்திருந்தது. ஆரம்பத்தில் கம்பனி அழைத்தவர்கள் மட்டுமே அதற்குள் போகலாம். அழைப்பு யாருக்கு என்பது கம்பனியின் விருப்பம்.

1978 ஒக்டோபரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். விலையும் பாதையும் இனிக் கம்பனிகளின் கையில். புதிய கம்பனிகள் மலிவு விலையோடு வந்தன. பழைய கம்பனிகளுக்குப் பயம் பிடித்தது. இன்று நம்மோடு வந்தவர், நாளை பத்து டொலர் குறைவென்றால் அடுத்தவனோடு போய்விடுவாரே!

அவர்களிடம் ஓர் ஆயுதம் இருந்தது. கணினி. அமெரிக்கன் எயார்லைன்ஸின் "சேபர்" என்ற பதிவுக் கணினி, யார் அடிக்கடி பறக்கிறார் என்று கண்டுபிடிக்க உதவியது. 1981 மே 1 ஆம் திகதி அந்தக் கம்பனி "அட்வான்டேஜ்" திட்டத்தைத் தொடங்கியது. பறக்கும் ஒவ்வொரு மைலும் கணக்கில் ஏறும், சேர்ந்தால் இலவச டிக்கெட். சில நாட்களுக்குள் யுனைடெட் தனது "மைலேஜ் பிளஸ்" திட்டத்தோடு வந்தது. டெல்டாவும் அதே வருடம் வந்தது.

இதில் உள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள். அடிக்கடி பறந்தவர்களில் பெரும்பாலானோர் தொழில் விஷயமாகப் போனவர்கள். டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தது அவர்கள் வேலை செய்த கம்பனி. எந்த விமானம் என்று தெரிவு செய்தது ஊழியர். மைல்ஸ் போய்ச் சேர்ந்தது ஊழியரின் பெயருக்கு. ஆகவே ஐம்பது டொலர் கூடினாலும் "தன்னுடைய" விமானத்தில்தான் போவார். முதலாளியின் காசில் வாங்கிய விசுவாசம் அது.

1988 இல் டெல்டா மூன்று மடங்கு மைல்ஸ் கொடுத்தது. மற்றவர்களும் பின்னால் ஓடினார்கள். எல்லோரிடமும் மைல்ஸ் குவிந்த பிறகு மைல்ஸ் வைத்திருப்பதில் பெருமை என்ன? அதனால் வெள்ளி, தங்கம், பிளட்டினம் என்று படிகள் பெருகின. மேல்படிக்காரருக்குக் கொடுக்கும் பெரிய பரிசு அப்கிரேட். முன்பகுதியில் விற்காத ஆசனம் எப்படியும் வெறுமையாகத்தான் பறக்கும். அதில் ஒரு தங்க அட்டைக்காரரை இருத்தினால் கம்பனிக்குப் பெரிதாக ஒன்றும் செலவில்லை. மேலதிகமாக டிக்கெட் விற்று எகொனமி நிரம்பி வழிந்தாலும், முதலில் முன்னே தூக்கி வைக்கப்படுகிறவர் அவர்தான்.

இந்த வாக்குறுதி தடுமாறிய இடம் ஹவாய் போன்ற நீண்ட விடுமுறைப் பாதைகள். லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஹொனலூலு ஐந்தாறு மணித்தியாலம். நியூயோர்க்கிலிருந்து சுமார் 8,000 கிலோமீற்றர், பதினொரு மணித்தியாலம் வரை. வேலை நாட்களில் தனியாகப் பறந்து தங்க அட்டை எடுத்தவர், விடுமுறைக்கு மனைவி பிள்ளைகளோடு ஹவாய் போகிறார். அவரைப் போலவே இன்னும் எத்தனையோ தங்க அட்டைகள் அதே விமானத்தில். முன்னால் இருக்கும் ஆசனங்களோ கொஞ்சம். புதுமணத் தம்பதிகள் காசு கொடுத்தே வாங்கியிருப்பார்கள். வேறு சிலர் வருடக்கணக்கில் சேர்த்த மைல்ஸைக் கொட்டியிருப்பார்கள். மிச்சம் ஒன்றோ இரண்டோ. நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு எங்கே போவது? உள்நாட்டுப் பயணத்துக்கு இருந்த இலவச அப்கிரேட் விதியை ஹவாய்க்கு அப்படியே கொடுக்காமல் தனி வரம்பு போட்ட கம்பனிகளும் உண்டு. பரிசை அனுபவிக்க ஆள் மிகவும் ஆசைப்படும் பயணத்தில்தான் அது கிடைப்பது மிகக் கஷ்டம்.

இதற்கிடையில் வங்கிகள் உள்ளே வந்தன. 1980களிலேயே விமானக் கம்பனியின் பெயர் போட்ட கிரெடிட் கார்ட்கள் வந்துவிட்டன. கடையில் பால்மா வாங்கினாலும் மைல்ஸ். 1999 இல் கலிபோர்னியாவில் ஒரு பொறியியலாளர், மைல்ஸ் சலுகை இருக்கிறது என்று 12,000க்கும் அதிகமான புடிங் கோப்பைகளை வாங்கினார். சுமார் 3,000 டொலர் செலவில் 12 இலட்சத்துக்கு மேற்பட்ட மைல்ஸ் சேர்த்தார். அன்றைய விதிப்படி அவருக்கு வாழ்நாள் தங்க அந்தஸ்தும் கிடைத்தது. புடிங் வாங்கிய ஒருவர் "பெரிய ஆள்" ஆகிவிட்டார்!

பிறகு கம்பனிகள் கணக்கையே மாற்றின. 2015 இல் டெல்டாவும் யுனைடெட்டும், 2016 இல் அமெரிக்கனும், பறந்த தூரத்துக்குப் பதிலாகச் செலவழித்த டொலருக்கு மைல்ஸ் கொடுக்கத் தொடங்கின. 2023 இல் டெல்டா, அடுத்த வருடத்திலிருந்து அந்தஸ்துக்கும் செலவு மட்டுமே அளவுகோல் என்று அறிவித்து, தொகையையும் உயர்த்தியது. வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். தலைமை அதிகாரி எட் பாஸ்டியன், கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டோம் என்று ஒப்புக்கொண்டு சிலவற்றைத் தளர்த்தினார். ஆனால் செலவுதான் அளவுகோல் என்பது மாறவில்லை. பிரிட்டிஷ் எயார்வேஸும் 2025 இல் அதே வழிக்கு வந்தது. முன் ஆசனங்களையும் இப்போது முன்போலச் சும்மா கொடுப்பதில்லை. டிக்கெட் எடுத்த பிறகு "இவ்வளவு கட்டினால் முன்னே வரலாம்" என்று செயலியில் விலை காட்டுகிறார்கள். விடுமுறைக்குப் போகும் குடும்பம் அதை வாங்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கொரோனா காலத்தில்தான் உண்மை வெளியே வந்தது. 2020 இல் விமானங்கள் தரையில் நின்றபோது யுனைடெட் கடன் கேட்டுப் போனது. ஈடாக வைத்தது மைல்ஸ் திட்டத்தை. அதன் பெறுமதி சுமார் 22 பில்லியன் டொலர் என்று சொன்னார்கள். பங்குச் சந்தையில் முழுக் கம்பனியின் பெறுமதி அன்று அதைவிடக் குறைவு! டெல்டாவும் தன் திட்டத்தை ஈடு வைத்து 9 பில்லியன் டொலர் திரட்டியது.

இந்தக் கதையில் நமக்கும் ஓர் இடம் இருக்கிறது. 1979 இல் தொடங்கிய எயார் லங்காவை 1998 இல் எமிரேட்ஸ் நிர்வகிக்க வந்தது, பெயரும் ஸ்ரீலங்கன் என்று மாறியது. 2000 ஆம் ஆண்டு "ஸ்கைவார்ட்ஸ்" திட்டம் இரண்டு கம்பனிகளுக்கும் பொதுவாகவே தொடங்கியது. 2008 இல் எமிரேட்ஸ் விலகியது. இப்போது ஸ்ரீலங்கனுக்கு "ஃப்ளைஸ்மைல்ஸ்" இருக்கிறது. 2014 மே மாதம் "வன்வேர்ல்ட்" கூட்டணியிலும் சேர்ந்தது.

ஆனால் நம்ம ஊர் நானாமார், தாத்தாமாரை நினைத்துப் பாருங்கள். சவூதியில், கட்டாரில் இருபது வருடம் உழைத்திருப்பார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, அதுவும் ஆகக் குறைந்த விலை டிக்கெட்டில் வருவார்கள். மலிவு டிக்கெட்டுக்கு மைல்ஸும் குறைவு. இடைவெளி நீண்டால் சேர்த்ததும் காலாவதியாகும். அந்தப் பாதைகளில் இத்தனை விமானங்கள் பறப்பதே இவர்களை நம்பித்தான். ஆனாலும் எந்தக் கணினியும் இவர்களை விசுவாசமான வாடிக்கையாளர் என்று எண்ணுவதில்லை.

ஆகவே எனது கருத்து இதுதான். மைல்ஸ் என்பது ஒரு நாணயம். அதை அச்சடிப்பவரும், பெறுமதியைத் தீர்மானிப்பவரும், நினைத்த நேரம் குறைப்பவரும் ஒரே ஆள். அந்த நாணயத்தைச் சேர்க்கக் கடன்பட்டு கார்ட் தேய்ப்பது புத்தியல்ல. அதற்காகக் கிடைப்பதை விடவும் வேண்டாம். உம்மா வாப்பா உம்றாவுக்குப் போனால், பிள்ளை விடுமுறையில் வந்தால், இலவசமாகப் பதிந்து இலக்கத்தை டிக்கெட்டில் போட்டுவிடுங்கள். ஒரு வருடமாவது முன்னரே காலாவதித் திகதியைப் பாருங்கள். முடியும்போதே பாவித்துவிடுங்கள்.

அடுத்த தடவை அந்தச் சின்ன வரிசையைக் காணும்போது நம்மை நாம் குறைவாக நினைக்கத் தேவையில்லை. அது மனிதரின் தரத்தைச் சொல்லும் வரிசையல்ல. ஒரு கம்பனியின் வியாபாரக் கணக்கு.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கும் இதை அனுப்பிவிடுங்கள். மைல்ஸ் கணக்கு இருந்தும் மறந்துபோனவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.