கொங்கு நாட்டில் தொழில்நுட்பக் கல்வி: பட்டறையும் கல்லூரியும்

தமிழகத்தில் பொறியியற் கல்வி சென்னையில் தொடங்கிற்று. 1794ஆம் ஆண்டு, நிலங்களை அளக்க ஆள் வேண்டிய கிழக்கிந்தியக் கும்பினியார், சிறுவர் எண்மரைக் கொண்டு நில அளவைப் பள்ளி ஒன்றை நிறுவினர். 1859இல் கல்லூரியாகி, 1920இல் கிண்டிக்குப் பெயர்ந்தது அதுவே. அரசு தன் தேவைக்குத் தானே அமைத்துக்கொண்ட நிலையம் அது. கோயம்புத்தூரின் வரலாறு வேறு. அங்கே பட்டறை முந்தியது; கல்லூரி பிந்தியது.

அதற்கு அந்நிலத்தின் இயல்பே காரணம். கொங்கு நாட்டில் மழை குறைவு, கிணறுகளோ ஆழமானவை. மாடு பூட்டிக் கவலை இறைத்தே உழவர் பயிர் வளர்த்தனர். கரிசல் மண்ணில் பருத்தி விளைந்தது. 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை எழுந்தது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் ஆலைகள் பெருகின; கிணற்று மேட்டிலும் மின்சாரம் வந்தது. ஆலைப் பொறிகளோ இங்கிலாந்திலிருந்து வந்தவை. ஒரு பல்சக்கரம் உடைந்தால் கப்பலை எதிர்நோக்கியிருக்க இயலுமா? உள்ளூர் வார்ப்பட்டறைகளே அதனை வார்த்துக் கொடுத்தன. நீரேற்றும் பம்புகளையும் செய்தன. கைத்திறன் மிக்கார் பலர் உருவாயினர். அவர்க்குக் கணக்கும் வரைபடமும் கற்பிக்க ஆசிரியர்தாம் இல்லை.

பீளமேட்டுப் பூ. சா. கோவிந்தசாமி நாயுடுவின் மைந்தர் நால்வரும் குடும்பச் சொத்தை ஐந்து கூறாக்கி, ஐந்தாம் கூற்றை 1926இல் அறத்திற்கு ஒதுக்கினர். சாத்திரதானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாகப் போற்றும் நமக்கு இது வியப்பன்று. ஆயினும் அப்பொருள் சென்ற வழி வியப்புக்குரியது. அவ்வாண்டே அவர்கள் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றைக் கண்டனர். பம்பும் மோட்டாரும் செய்து விற்கும் தொழிற்சாலையாகவும் அது விளங்கியது. 1939இல் பாலிடெக்னிக்கும், 1951இல் பொறியியற் கல்லூரியும் தோன்றின. உற்பத்தி நிகழும் தொழிற்சாலையின் அருகிலேயே மாணவர் பயின்றனர்.

ஜி. டி. நாயுடுவை மறந்து இவ்வரலாற்றை எழுத இயலாது. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து நம் நாட்டின் முதல் மின்மோட்டாரை ஆக்கியவர் அவர். 1945இல் ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் அவர் தொடங்கச் செய்த கல்லூரியே இன்று தடாகம் சாலையில் உள்ள அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. பொறியியல் கற்க நான்காண்டு எதற்கு, ஈராண்டே மிகுதி என்பது அவர் கொள்கை. அதனை மேலிடம் ஏலாமையால் அவர் விலகினார். அவர் கூற்றில் பாதியே எனக்கு உடன்பாடு. கைப்பயிற்சியை விரைவுபடுத்தலாம், கணிதத்தை விரைவுபடுத்தல் அரிது.

தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. பூ. சா. கோ. பொறியியற் கல்லூரியின் முதல் முதல்வர் ஜி. ஆர். தாமோதரன் மேனாட்டில் பயின்றவர்; அவரே ‘கலைக்கதிர்’ என்னும் அறிவியல் திங்களிதழைத் தமிழில் நடத்தினார். அறிவியற் கலைச்சொற்கள் பல அவ்விதழ் வழியே வாசகர்க்குப் பழகின. அண்ணாப் பல்கலைக்கழகம் தமிழ்வழியில் பொறியியல் வகுப்புத் தொடங்கியதோ 2010இல்தான்.

1956இல் கோயம்புத்தூர்த் தொழில்நுட்பக் கல்லூரியும், ஆலைகளுக்கான சிட்ரா ஆய்வு நிலையமும் தோன்றின. 1984 முதல் சுயநிதிக் கல்லூரிகள் பெருகின. பெருந்துறையில் கொங்கு பொறியியற் கல்லூரியும், கோவையில் குமரகுருவும் அக்காலத்தன. உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவை கதவு திறந்தன என்பதில் ஐயமில்லை. 2007 முதல் நுழைவுத் தேர்வும் நீங்கிற்று. ஆனால் பின்னர்த் தமிழகமெங்கும் எழுந்த கல்லூரிகள் பலவற்றில் கட்டடம் முதலில் வந்தது. பட்டறை பெயரளவில் நின்றது. மாணவர் சேராமல் சில மூடப்பட்டன.

வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் பக்கத்து நம் குடும்பத்துப் பிள்ளைகளும் ஆண்டுதோறும் கலந்தாய்வில் கல்லூரி தேடுகின்றனர். விருப்பப் பட்டியலை நிரப்புமுன் பெற்றோர் ஒருமுறை நேரிற் சென்று, முகப்பு மண்டபத்தை விடுத்துப் பணிமனையைத் திறந்து காட்டச் சொல்லுக. கடைசற்பொறி எத்தனை, அவற்றுள் ஓடுவன எத்தனை, இறுதியாண்டு மாணவர் எத்தொழிற்சாலையில் எத்தனை வாரம் பயிற்சி பெறுகின்றனர் என்று கேட்டறிக.