இரண்டாகக் கிழிந்த ஐந்து சதம்

திருகோணமலையில் டச்சுக் குடாக் கரையிலே பொழுது சாய்ந்து கூட்டம் கலையத் தொடங்கியதும், கச்சான் விற்கும் பெண்கள் விளக்கை அணைக்குமுன் செய்யும் கடைசி வேலையொன்று உண்டு. பால்மாப் பேணிக்குள் நாள் முழுதும் விழுந்த குற்றிக்காசை மடியிலே கொட்டுவர், இனம் பிரிப்பர், பத்துப் பத்தாக அடுக்கி எண்ணுவர். முதல் அடுக்கு கச்சான் கொடுத்த மொத்த வியாபாரிக்கு. அடுத்தது விறகுக்கும் கடதாசிக்கும். எஞ்சியதே வீட்டுக்கு. எண்ணும்போது அவர்கள் பேசுவதில்லை. ஓரிரு காசு தவறினாலும் அது தம் பங்கிலேயே தவறும் என்பதை அவர்கள் அறிவர்.

இந்தத் துறைமுகத்தைப் பற்றி எழுதியோர் கப்பல்களை எண்ணினர். கோட்டை மதிலிலே நின்ற பீரங்கிகளை எண்ணினர். 1782ஆம் ஆண்டில் மட்டும் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனும் இத்துறையைப் பறித்தெடுத்த கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்புவிப்பர். பீரங்கிக்கு அப்பால் மீனும் வெற்றிலையும் பிட்டும் விற்று வாழ்ந்தவர்களின் கையிலே புழங்கிய காசுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதையே இங்கு நோக்குவோம்.

ஒல்லாந்தக் கம்பெனி தன் ஆட்சியின் இறுதிக் காலத்தில் இலங்கையிலேயே செப்புக் காசு அடித்தது. தடித்த, ஒழுங்கற்ற அக்காசுகளில் கம்பெனியின் முத்திரைக்கு மேலே ஓர் எழுத்துக் காணப்படும். கொழும்புக்கு ஸி, காலிக்கு ஜி, யாழ்ப்பாணத்துக்கு ஐ, திருகோணமலைக்கு டி. ஆக, இந்தச் சிறு பட்டினத்துக்கும் சொந்தமாக ஒரு செப்புக் காசு இருந்தது. 1795இல் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றினர், கம்பெனி போயிற்று. ஆயினும் அதன் சில்லறை நம் நாவைவிட்டுப் போகவில்லை. 'துட்டு' என்று நாம் இன்று பேசும் சொல் ஒல்லாந்தரின் 'டொயிற்' என்ற சிறு செப்புக் காசின் பெயரே. நான்கு சல்லி ஒரு பைசா. நான்கு பைசா ஒரு பணம். பன்னிரண்டு பணம் ஒரு றிக்ஸ் டொலர் என்ற கணக்கு ஆங்கிலேயர் காலத்திலும் தொடர்ந்தது. அதன்படி ஒரு றிக்ஸ் டொலருக்கு 192 சல்லி. நான்கு நான்காகக் காசைத் தள்ளி எண்ணும் கை அன்று உருவானது.

எண்ணுவதற்கும் வர்க்கம் உண்டு என்றால் வாசகர் வியக்கக்கூடும். திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்திலே நுண்ணிய பணங்களையும் சக்கரங்களையும் எண்ணுதற்கு ஒரு பலகை இருந்தது. சின்னஞ்சிறு குழிகள் நிரை நிரையாக வெட்டப்பட்ட மரப்பலகை அது. காசை அள்ளிக் கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக விழுந்து நிற்கும். மிஞ்சியதைத் தட்டிவிட்டால் எண்ணிக்கை முடிந்தது. அரச கருவூலத்தாருக்கும் காசுக்கடைச் சராப்புகளுக்கும் அந்த வசதி. சராப்பு காசு மாற்றிக் கொடுப்பதற்கு 'வட்டம்' என்று ஒரு கழிவும் எடுத்துக்கொண்டார். எண்ணிய உழைப்புக்குக் கூலி பெற்ற ஒரே மனிதர் அவர்தாம். தெருவோரத்து வியாபாரிக்குப் பலகையுமில்லை, கூலியுமில்லை. மடியும் விரலுமே இருந்தன.

1825இல் றிக்ஸ் டொலருக்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று விலை நிர்ணயித்து, ஆங்கிலேயர் தங்கள் நாட்டு நாணய முறையை இங்கு புகுத்தினர். அப்போதுதான் ஒரு சங்கடம் எழுந்தது. இலண்டன் கடைத்தெருவின் மிகச் சிறிய காசான ஃபார்திங், பென்னியில் காற்பங்கு. இங்கே சந்தையில் வெற்றிலை வாங்கச் சென்றவனுக்கு அதுவே பெருங்காசாயிற்று. ஆகவே 1828இல் அரை ஃபார்திங்கும், 1839இல் கால் ஃபார்திங்கும் இலங்கைக்கென்றே அடிக்கப்பட்டன. 3,840 கால் ஃபார்திங் சேர்ந்தால்தான் ஒரு பவுண். ஸ்டேர்லிங் நாணய வரலாற்றில் இதைவிடச் சிறிய மதிப்புக்கு வேறொரு காசு அடிக்கப்பட்டதில்லை. சூரியன் அஸ்தமிக்காத சாம்ராச்சியம் என்று மார்தட்டியவர்கள், அதன் மிகச் சிறிய காசை யாருடைய மடிக்காக வார்த்தார்கள் என்பதை நம் சரித்திர நூல்கள் சொல்வதில்லை. அந்தச் செப்புத் துண்டு நம் மக்களின் கூலிக்கும் கொள்வனவுக்கும் ஏகாதிபத்தியமே எழுதிவைத்த அளவுகோல் எனலாம்.

1872ஆம் ஆண்டு ரூபாயும் சதமும் வந்தன. 1870 என்று ஆண்டு பொறித்த கால் சதம், அரைச் சதம், ஒரு சதம், ஐந்து சதம் ஆகிய செப்புக் காசுகளின் ஒரு பக்கம் விக்டோரியா மகாராணியின் தலை. மறுபக்கம் பனையினத்து மரமொன்று. மதிப்புத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டிருந்தது. எழுத்தறியாதவனும் மரத்தைக் கண்டு காசென்று அறிந்தான். ஆனால் நாலு நாலாகத் தள்ளிய கை இனி ஐந்தாகவும் பத்தாகவும் தள்ளப் பழகவேண்டியதாயிற்று.

அதன்பின் நிகழ்ந்தது அடிமட்டக் காசுகளின் மரணம். கால் சதம் 1904இற்குப் பின் அடிக்கப்படவில்லை. அரைச் சதம் 1940உடன் நின்றது. அற்பக் காசு போனால் போகட்டுமே என்று சம்பளக்காரர் சொல்லலாம். கால் சதத்துக்கு விற்ற கீரைப் பிடியும் கறிவேப்பிலைக் கொத்தும் அக்காசு மறைந்தபின் எந்த விலைக்கு விற்றிருக்கும்? கீழே இறங்கியிருக்க வழியில்லை. நாளுக்கு ஒரு சதம் கூடக் கொடுக்க நேர்ந்த குடும்பம் ஓராண்டில் இழப்பது 3 ரூபாய் 65 சதம். மொத்தமாக வாங்குபவனை இது தீண்டாது. அன்றன்றைக்கு வாங்கி அன்றன்றைக்கு உலைவைக்கும் அன்றாடங்காய்ச்சியே அதைக் கட்டித் தீர்க்கிறான்.

இனி 1942. பெப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. கீழைக் கடலில் பிரித்தானியக் கடற்படைக்குக் கொழும்பும் திருகோணமலையுமே புகலிடமாயின. ஏப்ரல் 9ஆம் தேதி காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் குண்டுவீசித் தாக்கின. அதே நாள் மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. இவ்வளவும் நூல்களில் உண்டு.

அதே ஆண்டில் சில்லறைக்குப் பெரும் பஞ்சம் தலைகாட்டியது. இலங்கையிலே அப்போது நாணயச்சாலை இல்லை. காசு கப்பலேறி வரவேண்டும். கப்பலோ படைக்கும் அரிசிக்கும் போதவில்லை. செம்பும் நிக்கலும் போர்த் தொழிற்சாலைகளின் வாய்க்குள் போயின. கப்பல்தளத்திலும் முகாம்களிலும் திரண்ட படையினரும் தொழிலாளரும் தேநீருக்கும் சுருட்டுக்கும் நாள்தோறும் சில்லறை கேட்டனர். வெள்ளிக் காசைக் கண்டவர் அதைப் பெட்டியில் பூட்டினர். அரசாங்கம் காகிதத்தை நாடியது. 1942இல் 10 சதத்துக்கும், 25 சதத்துக்கும், 50 சதத்துக்கும் தாள் வந்தது; 5 சதத்துக்குங்கூடத் தாள் வந்தது. அந்த ஐந்து சதத் தாளின் அமைப்பை நாம் சற்று நின்று நோக்கவேண்டும். அதன் நடுவே துளைவரிசை ஒன்று இடப்பட்டிருந்தது. அவ்வழியே கிழித்தால் ஒரு பாதி இரண்டு சதம். மறு பாதி மூன்று சதம். கிழிப்பதற்கென்றே அச்சடித்த பணம்!

அரசாங்கத்துக்கு இது சாமர்த்தியமான ஏற்பாடு. மீன் விற்கும் ஒருத்தியின் நிலையில் நின்று பார்ப்போம். அவள் கையிலே எப்போதும் ஈரம். உலோகக் காசை அவள் உப்புநீரில் அலசி மடியிலே முடிந்துகொள்வாள். தபால்தலையை ஒத்த காகிதத் துணுக்கை எங்கே முடிவது? இரண்டு சதப் பாதியும் மூன்று சதப் பாதியும் அந்தியிருளில், அதுவும் விளக்கை மறைக்கச் சொன்ன அந்தப் போர்க்கால இருளில், விரலுக்கு வேறுபட்டா தெரியும்? கூப்பனுக்கு அரிசி வாங்கிய அதே ஆண்டில் அவள் காசெண்ணும் வித்தையையும் புதிதாகக் கற்கவேண்டியிருந்தது. இந்தியாவிலும் இதே நெருக்கடி. அங்கே 1943இல் உலோகத்தை மிச்சம் பிடிக்க நடுவிலே துளையிட்ட காலணாவை அடித்தனர். அந்த ஓட்டைக் காசையாவது நூலிலே கோத்து வைக்கலாம்.

1942வரை வெள்ளியில் வந்த 50 சதம் 1943இல் நிக்கல் பித்தளையாயிற்று. போர் முடியுமுன் ஒரு நல்ல காரியமும் நடந்தது என்று ஒப்புக்கொள்வோம். 1944இல் இரண்டு சதமும் பத்துச் சதமும் விளிம்பு வளைவு வளைவாக, பூவிதழ்போல் வந்தன. ஐந்து சதம் 1909 முதலே சதுரமாக இருந்தது. ஒரு சதமும் 25 சதமும் வட்டம். கண் மங்கிய கிழவியும் மடிக்குள் கைவிட்டுக் கேட்ட காசை எடுத்துக்கொடுக்கும் வசதி இதனால் உண்டாயிற்று. சுதந்திரம் வந்த பிறகும் இவ்வடிவங்கள் மாறவில்லை. 1963இல் அரசியின் தலை போய் இலங்கையின் இலச்சினை வந்தது. சதுரம் சதுரமாகவே நின்றது, பூவிதழ் பூவிதழாகவே நின்றது. ஒரு சதமும் இரண்டு சதமும் மட்டும் அலுமினியமாகி, ஊதினால் பறக்கும் என்று ஏளனம் செய்யுமளவுக்கு இலேசாயின. அதற்கு முன்பே, 1957 ஒக்டோபரில், பிரித்தானியக் கடற்படை துறைமுகத்தை விட்டுச் சென்றிருந்தது. கப்பல்தளத்துச் சம்பள நாளை நம்பிக் கடைவிரித்தவர்களின் பேணியில் விழுந்த காசு அதன்பின் எவ்வளவு குறைந்தது என்று எவரும் எண்ணி வைக்கவில்லை.

இன்று சதம் கடைத்தெருவிலே இல்லை. 2017இல் வந்த ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய்க் காசுகள் மூன்றும் துருவேறா எஃகு. ஒரே வெள்ளை நிறம். முன்பு மஞ்சளாயிருந்த ஐந்து ரூபாயைக் கண்ட மாத்திரத்தில் பிரித்த பெண்கள், இப்போது விளக்கருகே ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறார்கள். 2022இல் ரூபாயின் மதிப்புச் சரிந்து சகல பொருள்களும் விலையேறியபின், சந்தையில் புழங்கும் மிகப் பெரிய குற்றியான 20 ரூபாயுங்கூட ஒரு தேநீருக்குப் போதவில்லை. கடைகளில் மிச்சக் காசுக்குப் பதில் டொபி நீட்டும் வழக்கமும் வேரூன்றிவிட்டது. டொபியைக் கொடுப்பவன் அதிலும் இலாபம் வைத்தே கொடுக்கிறான். அதே டொபியை அவனிடம் காசுக்குப் பதிலாக நீட்டினால் வாங்குவானா?

குடாக்கரையில் ஒரு நாள் மாலை கச்சான்காரியொருத்தி காசெண்ணி முடிக்கும்வரை நாம் அருகே நின்றோம். பத்து ரூபாய் அடுக்கு எட்டு, ஐந்து ரூபாய் அடுக்கு பதினொன்று. புறம்பே ஒரு கடதாசிச் சுருளில் இரண்டு ரூபாய்க் குற்றிகள் கிடந்தன. அவை ஏன் கணக்கில் சேரவில்லை என்று கேட்டோம்.

"இத நான் ஆரிட்ட குடுக்கிறது தம்பி? பஸ்ஸிலயும் வாங்கிறானில்ல, கடையிலயும் வாங்கிறானில்ல. எனக்குத் தாற ஆக்கள் மட்டும் நல்லாத் தருகினம்" என்றாள். பிறகு சுருளை மடித்துப் பேணியின் அடியில் வைத்து, அதன்மேல் மற்றக் காசைக் கொட்டினாள்.